சிலிக்கான் கைகள் தரையோடு ஒட்டிக்கொள்கின்றன: எப்படித் தடுப்பது?

யீஷூன்_பையன் | செவ்வாய், இரவு 11.20

எல்லோருக்கும் வணக்கம். இறுதியாண்டு புராஜெக்டில் மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். ஆய்வகத்தில் கேட்டால் "இது எல்லோருக்கும் நடக்கிறதுதான்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போகிறார்கள்.

விஷயம் இதுதான். நீச்சல் குளத்தில் குதிக்கிற பலகை மாதிரி, ஒரு முனையில் மட்டும் பிடிப்புள்ள சிலிக்கான் கைகளைச் செய்கிறேன். கனம் 220 நானோமீட்டர். அடியில் 2 மைக்ரான் சிலிக்கான் ஆக்சைடு. ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் அந்த ஆக்சைடைக் கரைத்துவிட்டால் கைகள் அந்தரத்தில் நிற்க வேண்டும். நீளம் 5 மைக்ரானில் தொடங்கி 40 வரை வரிசையாக வைத்திருக்கிறேன். அமிலம், அப்புறம் தண்ணீரில் கழுவல், அப்புறம் நைட்ரஜன் ஊதிக் காயவைப்பு. அவ்வளவுதான்.

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் 12 மைக்ரான் வரை உள்ளவை விறைப்பாக நிற்கின்றன. அதற்கு மேல் உள்ளவை எல்லாம் நுனி குனிந்து தரையைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. 30, 40 மைக்ரான் கைகள் பாதி உடம்பையே தரையில் கிடத்திவிட்டன. ஊசியால் ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன், வேரோடு ஒடிந்தது.

சொந்த எடையில் தொங்குகிறதோ என்று கணக்குப் போட்டேன். 40 மைக்ரான் கைகூட எடையால் தாழ்வது ஓர் அணுவின் அகலத்துக்கும் குறைவு. அப்படியானால் எது இழுக்கிறது? எப்படித் தடுப்பது?

தேக்கா_தோசை | செவ்வாய், இரவு 11.41

தம்பி, கல்லில் மாவு ஒட்டினால் என் அம்மா வெங்காயத்தை வெட்டி எண்ணெயில் தொட்டுத் தேய்ப்பார். அதைச் செய்து பார்.

மன்னிக்கவும், தூக்கம் வரவில்லை. யாராவது உருப்படியாகச் சொல்லுங்கள், நானும் படிக்கிறேன்.

ராத்திரி_ஷிஃப்ட் | புதன், அதிகாலை 4.05

தோசை சொன்னது சிரிப்பாக இருந்தாலும் பாதி சரி. கடைசியில் அங்கேதான் வரப்போகிறோம். நான் சிங்கப்பூரில் தெம்பனிஸ் பக்கம் ஒரு சில்லுத் தொழிற்சாலையில் (ஃபேப்) ஈரவேலை, அதாவது அமிலமும் கழுவலும் நடக்கும் வெட் பெஞ்ச் பார்க்கிறேன். இடைவேளையில் எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, உன் கைகளை இழுத்தது தண்ணீர். இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவில் ஒரு சொட்டு விட்டு அழுத்திப் பார், பிரிக்க முடியாது. அதே கதைதான். காயும்போது கடைசியாக மிஞ்சுகிற தண்ணீர் கைக்கும் தரைக்கும் நடுவில்தான் தங்கும். அதன் ஓரம் உள்பக்கமாகக் குழிந்திருக்கும். அந்தக் குழிவு எவ்வளவு சிறியதோ இழுப்பு அவ்வளவு பெரியது.

தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.072 நியூட்டன். 2 மைக்ரான் இடைவெளியில் இழுப்பழுத்தம் சுமார் 0.7 வளிமண்டலம். கை கொஞ்சம் வளைந்ததும் இடைவெளி குறைகிறது, உடனே இழுப்பு கூடுகிறது. 100 நானோமீட்டருக்கு வந்தால் அது 14 வளிமண்டலம். இறங்கத் தொடங்கியது பாதியில் நிற்காது.

தண்ணீர் போன பிறகு எழுந்து வரலாமே என்று கேட்பாய். அதுதான் இரண்டாவது சிக்கல். தரையைத் தொட்டுவிட்டால் வான் டெர் வால்ஸ் விசையும் ஹைட்ரஜன் பிணைப்பும், அதாவது மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள நெருங்கிய இழுப்புகள், பிடித்துக்கொள்ளும். கையின் ஸ்பிரிங் விசை ஜெயித்தால் எழும், தோற்றால் கிடக்கும். உன் 12 மைக்ரான் அந்தப் போட்டியின் எல்லைக்கோடு. சதுர மீட்டருக்கு 0.1 ஜூல் ஒட்டாற்றல் என்று வைத்து உன் கனத்துக்குக் கணக்குப் போட்டேன், 12.8 மைக்ரான் வருகிறது. உன் அளவீடு நன்றாகத்தான் இருக்கிறது.

இந்தக் கணக்கில் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. நிற்கக்கூடிய நீளம் ஒட்டாற்றலின் நாலாம்படி மூலத்தைப் பொறுத்தது. நீளத்தைப் பத்து மடங்கு ஆக்க வேண்டுமா? ஒட்டாற்றலைப் பத்தாயிரத்தில் ஒன்றாக்க வேண்டும். கனத்தை இரட்டிப்பாக்கினால் நீளம் 1.7 மடங்குதான் கூடும்.

பெல் அடித்துவிட்டது. மீதி விடிந்த பிறகு.

பழைய_டிஸ்க் | புதன், காலை 7.15

இந்த இழையைப் பார்த்ததும் காப்பியை ஓரமாக வைத்துவிட்டேன். எனக்கு வயது அறுபத்தெட்டு. தொண்ணூறுகளில் இங்கே ஒரு ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலையில் டெஸ்ட் லைன் பார்த்தவன். பெயர் வேண்டாம். அப்போது சிங்கப்பூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் டிஸ்க்தான். அங் மோ கியோவில் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்கில் நாலு வீட்டுக்கு ஒருவராவது அந்த வேலைதான்.

எங்களுக்கும் இதே வியாதி. ஸ்டிக்‌ஷன் என்ற சொல்லையே நான் அங்கேதான் கற்றேன், தொட்டது ஒட்டிக்கொண்டு விடாமல் இருப்பதற்கு அந்தப் பெயர். டிஸ்க் சுழலும்போது தகவலைப் படித்து எழுதும் ஹெட் காற்றுப் படலத்தின் மேல் மிதக்கும். கரண்ட் நின்றால் அது தட்டின் மேலேயே இறங்கி உட்கார்ந்துவிடும். தட்டின் மேல் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருக்கும், காற்றில் ஈரம் வேறு. இரண்டு நாள் அணைத்து வைத்திருந்துவிட்டு மறுபடி போட்டால் மோட்டார் "ம்ம்" என்று முனகும், தட்டு சுழலாது.

ரிட்டர்ன் வந்த டிரைவை எடுத்து, கைக்கடிகாரத்தை உதறுகிற மாதிரி மணிக்கட்டைச் சட்டென்று திருகுவோம். டிக் என்று ஒரு சத்தம் வரும், அப்புறம் ஓடும். மேனேஜர் பார்த்தால் திட்டுவார். ஆனால் கஸ்டமரிடம் போனில் அதையேதான் சொல்லிக்கொடுப்பார்!

நான் சொல்ல வந்தது வேறு. தட்டை இன்னும் வழுவழுப்பாக்கினால் சரியாகும் என்று நாங்கள் நினைத்தோம். வழுவழுப்பு ஆக ஆக ஒட்டல் அதிகமானது. தொடுகிற பரப்பு கூடுகிறது அல்லவா? கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? ஹெட் உட்காரும் உள்வட்டத்தில் மட்டும் லேசரால் சின்னச் சின்ன மேடுகள் போட்டார்கள், 20 நானோமீட்டர் உயரத்தில். நுண்ணோக்கியில் பார்த்தால் இட்லித் தட்டைக் கவிழ்த்த மாதிரி வரிசையாக இருக்கும். ஹெட் அந்த நுனிகளில் மட்டும் உட்காரும். பின்னால் ஹெட்டைத் தட்டை விட்டே விலக்கி, பக்கத்தில் ஒரு சரிவில் ஏற்றி நிறுத்தும் முறை வந்தது. தொடவே இல்லை என்றால் ஒட்ட என்ன இருக்கிறது?

ஆகவே தம்பி, உன் தரையில் மேடு போடு.

யீஷூன்_பையன் | புதன், காலை 9.02

ஐயா, இது நான் எதிர்பார்க்காத பதில். ராத்திரி அக்கா, என் 12 மைக்ரான் எல்லையை நீங்கள் கணக்கிலேயே கொண்டுவந்தது எனக்கு நிஜமாகவே ஆறுதல். செய்முறையில் நான் ஏதோ தப்புப் பண்ணிவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மேடு போட மாஸ்க்கை, அதாவது வடிவத்தைப் பதிக்கும் அச்சை, மாற்ற வேண்டும், இந்தக் கல்வித் தவணையில் முடியாது. இருக்கிற சில்லுகளையே காப்பாற்ற வழி உண்டா?

குவாண்டம்_ரசிகன் | புதன், காலை 10.30

எல்லோரும் தண்ணீரைப் பற்றியே பேசுகிறீர்கள். நானோ அளவில் உண்மையான வில்லன் கசிமிர் விசை. 1948இல் ஹென்ட்ரிக் கசிமிர் சொன்னது: வெற்றிடத்தில் மின்னூட்டமே இல்லாத இரண்டு உலோகத் தகடுகளும் ஒன்றை ஒன்று இழுக்கும். தகடுகளுக்கு நடுவிலும் வெளியிலும் மின்காந்த அலைவுகள் வேறுபடுவதால் வரும் இழுப்பு அது. 1997இல் லமோரோ அதைத் துல்லியமாக அளந்தார். 2001இல் பெல் ஆய்வகத்தார் ஒரு நுண்தகட்டையே அதனால் அசைத்துக் காட்டினார்கள். இந்த விசையைத் தலைகீழாக்கினால் ஒட்டலே இருக்காது, உராய்வே இல்லாத இயந்திரம் செய்யலாம்!

ஒன்நார்த்_நடைபாதை | புதன், மதியம் 1.10

ரசிகரே, இயற்பியல் சரி, ஆனால் வில்லன் மாறிவிட்டார். கசிமிர் இழுப்பு இடைவெளியின் நாலாம் படிக்கு எதிராகப் போகிறது. 10 நானோமீட்டரில் அது ஒரு வளிமண்டலத்தைத் தாண்டும், உண்மைதான். 100 நானோமீட்டரில் வெறும் 13 பாஸ்கல். யீஷூன் தம்பியின் 2 மைக்ரானிலோ ஒரு பாஸ்கலில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. தண்ணீர் அங்கே 72,000 பாஸ்கலில் இழுக்கிறது. கடன்காரன் வாசலில் நிற்கும்போது பக்கத்துத் தெருக்காரனைப் பற்றி எதற்குக் கவலை?

விலக்கு விசை பற்றிச் சொன்னதற்கு மட்டும் ஒரு வார்த்தை. அது கற்பனை இல்லை. லிஃப்ஷிட்ஸும் கூட்டாளிகளும் 1961லேயே கணக்கில் காட்டினார்கள்: இரண்டு பொருளுக்கு நடுவில் சரியான திரவம் இருந்தால் இழுப்பு தள்ளலாக மாறும். 2009இல் மன்டே, கப்பாஸோ, பர்செஜியன் மூவரும் புரோமோபென்சீனுக்குள் தங்கமும் சிலிக்காவும் ஒன்றை ஒன்று தள்ளுவதை அளந்தார்கள். 2019இல் எத்தனாலுக்குள், டெஃப்லான் பூசிய தங்கத்துக்கு மேலே ஒரு மெல்லிய தங்கத் தகடு தொடாமல் மிதந்தது. பார்க்க அழகான சோதனை. ஆனால் இயந்திரம் திரவத்துக்குள் முங்கியே கிடக்க வேண்டும். வேகமாக அதிர வேண்டிய கைக்கு அது சரிவராது.

இடைவெளி சில பத்து நானோமீட்டருக்கு இறங்கிவிட்டால் மட்டும் ரசிகர் பக்கம் நியாயம் இருக்கிறது. மின்சாரத்தால் மூடித் திறக்கும் நானோ ஸ்விட்ச்களில் அந்தத் தலைவலி நிஜம். குறைந்த வோல்ட்டில் மூட வேண்டுமென்று இடைவெளியைச் சுருக்குவார்கள், ஸ்பிரிங்கையும் மெலிதாக்குவார்கள். மூடும், திறக்காது. ஸ்பிரிங்கை விறைப்பாக்கினால் திறக்கும், ஆனால் மூட வோல்ட் ஏறும். இந்த இழுபறியில் ஆயுளைக் கழித்தவர்களை எனக்குத் தெரியும், அதில் நானும் ஒருவன்.

குவாண்டம்_ரசிகன் | புதன், மதியம் 1.25

பக்கத்துத் தெருக்காரன் ஒருநாள் வாசலுக்கு வருவான், அப்போது பேசிக்கொள்வோம். 🙂

தேக்கா_தோசை | புதன், மதியம் 1.40

இந்த ஸ்டிக்ஷனுக்குத் தமிழில் என்ன பெயர்? "நிலை உராய்வு" என்றால் பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருக்கிறது, அதுவும் வேறு பொருள். "ஒட்டுப்பிடி"?

பழைய_டிஸ்க் | புதன், மதியம் 2.00

நாங்கள் லைனில் "புடிச்சிக்கிச்சு" என்போம். அகராதியில் போடுங்கள்.

ராத்திரி_ஷிஃப்ட் | புதன், மாலை 6.50

தூங்கி எழுந்துவிட்டேன். தம்பி கேட்ட கேள்விக்கு வருகிறேன்: மாஸ்க்கை மாற்றாமல் என்ன செய்யலாம்.

முதல் வழி, மலிவானது. கடைசிக் கழுவலைத் தண்ணீரோடு நிறுத்தாமல் ஐபிஏவுக்கு (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) மாற்று. அதன் பரப்பு இழுவிசை தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கொஞ்சம் உதவும். உன் 40 மைக்ரானுக்குப் போதாது.

இரண்டாவது, உறையவைத்து ஆவியாக்குவது. திரவமே இல்லாமல் திடப்பொருளிலிருந்து நேராக ஆவியானால் குழிவு ஏது, இழுப்பு ஏது? டெர்ட்-பியூட்டனால் இதற்குப் பேர்போனது. 25 டிகிரியை ஒட்டி உறையும். நம் ஊரில் இது ஒரு வேடிக்கை. ஏசி போட்ட ஆய்வகத்தில் பாட்டில் கல்லாக இருக்கும், வராந்தாவில் வைத்தால் தண்ணீராகிவிடும். புதிதாக வந்த ஒரு பையன் கெட்டுப்போய்விட்டது என்று அதைக் கொட்டவே போனான்.

மூன்றாவதுதான் நான் உனக்குச் சொல்வது: கிரிட்டிக்கல் பாயின்ட் டிரையர். ஐபிஏவில் நனைந்த சில்லை அப்படியே உள்ளே வைப்பாய். திரவக் கார்பன் டைஆக்சைடு வந்து ஐபிஏவைக் கழுவி வெளியேற்றும். அப்புறம் சூடாக்கி 31 டிகிரியைத் தாண்ட வைப்பார்கள். அழுத்தம் 74 பாருக்கு மேல். அந்த நிலையில் திரவம், வாயு என்ற பேதமே கிடையாது, ஆகவே ஓரக் குழிவும் கிடையாது. மெதுவாக அழுத்தத்தை இறக்கினால் வாயுவாகப் போய்விடும். 31 டிகிரி என்றதும் நம் மதிய வெயிலே போதுமே என்று நினைக்காதே, அந்த 74 பாருக்குத்தான் இத்தனை கனமான இரும்புப் பெட்டி.

ஒரே ஒரு எச்சரிக்கை. அமிலத்திலிருந்து டிரையர் வரை சில்லு ஒரு கணம்கூடக் காயக்கூடாது. இடுக்கியில் எடுத்து மாற்றும்போது மேலே திரவம் ஒரு சின்னக் குட்டையாகத் தேங்கி நிற்க வேண்டும். அந்த மூன்று விநாடியில்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள்.

ஆவி அமிலத்தில் அரிப்பது இன்னொரு வழி, நனைவதே குறைவு. உங்கள் ஆய்வகத்தில் அந்தக் கருவி இருந்தால் கேட்டுப் பார். எந்த வழியானாலும் ஹைட்ரோஃபுளோரிக் பக்கத்தில் கால்சியம் குளூக்கோனேட் களிம்பு எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் கையுறை போட வேண்டும். அது தோலில் பட்டால் பல சமயம் உடனே எரியாது, அதுதான் பயங்கரம்.

ஒன்நார்த்_நடைபாதை | புதன், இரவு 8.15

அக்கா சொன்னது எல்லாம் பிறக்கும்போது ஒட்டாமல் இருக்க. வாழும்போது ஒட்டாமல் இருக்க வேறு வைத்தியம்.

காற்றில் ஈரம் இருந்தால் மிகக் குறுகிய இடுக்குகளில் தண்ணீர் தானாகவே சேரும். ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் 4, 5 நானோமீட்டருக்குக் குறுகிய இடுக்கெல்லாம் நிரம்பிவிடும். 45 சதவீதத்தில் ஒன்றரை நானோமீட்டர்கூட வராது. வெளியே நம் ஊர்க் காற்று எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை. மூடி அடைத்து உள்ளே உலர்ந்த வாயு வைப்பது அதனால்தான். ரொம்பவும் உலர்த்தினால் மின்னூட்டம் தேங்கி, அது ஒரு பக்கம் இழுக்கும். அதையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது தோசை அம்மாவின் எண்ணெய். ஃபுளோரின் சேர்ந்த நீண்ட மூலக்கூறுகளைப் புல் நட்ட மாதிரி சிலிக்கானின் மேல் ஒரே ஓர் அடுக்காக நிறுத்துவார்கள். தண்ணீர் அதன் மேல் தாமரை இலைத் துளிபோல உருளும், தொடுகோணம், அதாவது துளியின் ஓரம் பரப்போடு சேரும் கோணம், 110 டிகிரி பக்கம். 90ஐத் தாண்டிவிட்டால் ஓரம் வெளிப்பக்கமாகப் புடைக்கும், அப்போது தண்ணீர் கையை இழுக்காது, தள்ளும். ஒட்டாற்றலும் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதற்கும் கீழே போகும். அக்காவின் நாலாம்படி மூலத்தில் போட்டுப் பாருங்கள், ஐந்து மடங்குக்கு மேல் நீளம் கிடைக்கும்.

இதெல்லாம் சேர்ந்து வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமானால் வகுப்பறை புரொஜெக்டரைத் திறந்து பாருங்கள். டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் லாரி ஹார்ன்பெக் 1987இல் கண்டுபிடித்த கண்ணாடிச் சில்லு. லட்சக்கணக்கான நுண்கண்ணாடிகள், ஒவ்வொன்றும் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை சாய்ந்து தரையைத் தொட்டு எழுகிறது. தொடுகிற நுனியில் குட்டி ஸ்பிரிங், மேலே ஃபுளோரின் பூச்சு, பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொருள், போதாததற்கு எழுப்பிவிட ஒரு மின்துடிப்பு. ஒரு வைத்தியத்தை மட்டும் நம்பவில்லை பாருங்கள்.

பழைய_டிஸ்க் | புதன், இரவு 9.00

மின்துடிப்பு என்றால் என் மணிக்கட்டுத் திருகல்தான். நாகரிகமாகச் செய்திருக்கிறார்கள்.

யீஷூன்_பையன் | 18 நாள் கழித்து, ஞாயிறு, இரவு 10.10

மன்னிக்கவும், டிரையர் முன்பதிவு கிடைக்கவே பத்து நாள் ஆனது.

நல்ல செய்தி முதலில். அக்கா சொன்ன மாதிரி திரவக் குட்டையோடே மாற்றினேன். வெளியே எடுத்துப் பார்த்தால் 35 மைக்ரான் வரை எல்லாமே நிற்கின்றன! 40இல் இரண்டு மட்டும் கிடந்தன, இடுக்கி பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். அன்று ராத்திரி காப்பிக்கடையில் தனியாக உட்கார்ந்து இரண்டு தே ஓ (பால் இல்லாத தேநீர்) குடித்தேன்.

கெட்ட செய்தி. மறுநாள் அதிர்வெண் அளக்கச் சில்லை இன்னொரு கட்டடத்துக்கு எடுத்துப்போனேன். நடுவில் ஐந்து நிமிட வெளிநடை, அப்போதுதான் மழை விட்டிருந்தது. சின்ன பிளாஸ்டிக் பெட்டியில்தான் வைத்திருந்தேன். ஒரு தோழி கேட்டாள் என்று வழியில் திறந்து காட்டினேன், அரை நிமிடம் இருக்கும். அங்கே போய்ப் பார்த்தால் பழைய கதை. 15க்கு மேல் எல்லாம் தரையில்.

ராத்திரி_ஷிஃப்ட் | ஞாயிறு, இரவு 10.48

அடப்பாவி. நீ கண்ணாடி போடுகிறவனா? எம்ஆர்டி ரயிலிலிருந்து வெளியே வந்ததும் கண்ணாடி வெள்ளையாகிவிடுமே, அதுதான் நடந்திருக்கிறது. ஆய்வகத்தில் 21, 22 டிகிரியில் கிடந்த சில்லு. மழை விட்ட காற்றின் பனிப்புள்ளி, அதாவது ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 24ஐ ஒட்டி இருக்கும். மூடியைத் திறந்ததும் சில்லின் மேல் பனி கட்டியது, அப்புறம் காய்ந்தது. டிரையருக்குக் கொடுத்த காசெல்லாம் அந்த அரை நிமிடத்தில் போய்விட்டது.

பழைய_டிஸ்க் | ஞாயிறு, இரவு 11.05

எங்கள் லைனில் ஒரு பழக்கம் இருந்தது. ஏசி கிடங்கிலிருந்து வரும் பெட்டியை அப்படியே ஒரு மணி நேரம் வெளியே வைத்திருப்போம். சீல் பிரிக்க மாட்டோம். பெட்டி தொட்டால் சில்லென்று இல்லாமல் போன பிறகுதான் கத்தரிக்கோல். நீயும் நைட்ரஜன் ஊதி, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, பையை ஒட்டிவிட்டு எடுத்துப்போ. தோழி கேட்டால் போட்டோ காட்டு.

தேக்கா_தோசை | ஞாயிறு, இரவு 11.09

தோழி கேட்டாளாம். இழையில் இதுதான் முக்கியமான தகவல், யாரும் கவனிக்கவில்லை.

யீஷூன்_பையன் | ஞாயிறு, இரவு 11.30

😅 கண்ணாடி போடுகிறவன்தான் அக்கா. தினமும் துடைத்துக்கொண்டே நடக்கிறேன், சில்லுக்கும் அதுதான் நடக்கும் என்று தோன்றவே இல்லை.

இன்னும் நாலு சில்லு மிச்சம் இருக்கிறது. இரண்டில் ஃபுளோரின் பூச்சு போட்டுப் பார்க்கப் பேராசிரியர் சரி என்றார், மற்ற இரண்டு பூச்சு இல்லாமல். நாலையும் பையில் ஒட்டி எடுத்துப்போய் அளக்கிறேன். டிரையர் அடுத்த வியாழன் காலை 8 மணிக்குக் கிடைத்திருக்கிறது.

ராத்திரி_ஷிஃப்ட் | ஞாயிறு, இரவு 11.34

வியாழன் எட்டு மணிக்கு என் ஷிஃப்ட் முடிந்திருக்கும். மாற்றும்போது சந்தேகம் வந்தால் இங்கேயே எழுது, தூங்கப் போகுமுன் ஒருமுறை பார்க்கிறேன்.